திங்கட்கிழமைத் தண்ணீர்

"இந்த ஆறு ரொம்ப நல்ல குடும்பத்துல பொறந்தது போல," என்றாள் தங்கமணி.

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். ஓர் அறை, மூன்று நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. மாப்பிள்ளை விசாரிப்பதும், மருத்துவ விடுப்பு எடுத்த தொழிலாளி உண்மையிலேயே படுத்திருக்கிறானா என்று பார்ப்பதும்தான் அங்கே வழக்கமான வேலை. இன்று மேசைமேல் கிடந்தது ஆற்று நீர்மட்டப் பதிவேட்டின் நகல். ஆறு மாதத்துக்கானது.

முத்துக்குமார் எட்டிப் பார்த்தான். கோவில்பட்டிக்காரன். சிப்காட்டில் வேலை போனபின் இரண்டு வருடமாக அவளுக்கு உதவியாளன்.

"எதை வச்சுச் சொல்றீங்க மேடம்?"

"காலைல எட்டு, மதியம் ஒண்ணு, சாயந்திரம் ஆறு. தினம் மூணு தடவை அளவு. ஒரு நாள்கூட விடலை. ஏறினா ஒரு சென்டிமீட்டர், இறங்கினா ரெண்டு. கடைசிப் பக்கம் வரைக்கும் கோபமே வராத ஆறு."

"எங்க மாமா பொண்ணு மாதிரி."

"உங்க மாமா பொண்ணு நெஜம். இது எழுதினது."

எதிர் நாற்காலியில் லாவண்யா உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று வயது. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அழுதுகொண்டிருக்கவில்லை. அவள் கணவன் ஆனந்த் நான்கு நாளாகச் சிறையில் இருந்தான்.

போன திங்கள், ஆகஸ்ட் பதினெட்டு. விடியற்காலை ஐந்தரை. ஆனந்த் டிராக்டரில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குக் கிளம்பினான். பெட்டிகளின் மேல் ருக்மணி உட்கார்ந்திருந்தாள். தக்காளி பறிக்கும் கூலிப்பெண். சிங்காரப்பள்ளி அணைக்கு மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு தரைப்பாலம். அதன் நடுவில் தண்ணீர் டிராக்டரைப் புரட்டியது. ஆனந்த் அளவுக்கம்பத்தைப் பிடித்துத் தப்பினான். ருக்மணியின் உடல் மதியம் கிடைத்தது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கமணி விரலை வைத்தாள். *ஞாயிறு மாலை 6 மணி. தரைப்பாலத்துக்கு மேல் 60 சென்டிமீட்டர்.*

"கர்நாடகாவுல மழை, முந்தின நாள் சாயந்திரமே வெள்ளம், அது தெரிஞ்சே ஓட்டிட்டுப் போய் ஒரு பொம்பளையைக் கொன்னுட்டான். இதுதானே கேஸ்?"

"ஆமாங்க. அவரு சொல்றது ஒண்ணுதாங்க. முன்சக்கரம் எறங்கறப்ப பாலம் காஞ்சி கெடந்துதாம். நடுவுல போறப்ப தண்ணி செவுரு மாதிரி வந்துதாம்."

"ஜாமீன் எப்ப?"

"வர்ற திங்கக்கெழம பத்தரைக்கு. அந்தப் புக்குல இருக்கறது உண்மைன்னு நின்னுதுன்னா ஜாமீன் கெடைக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு." லாவண்யா நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "ருக்மணிக்கா பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குதுங்க. நேத்து வாசல்ல வந்து நிக்குது. ஆனந்த் மாமா எங்கம்மாவத் தண்ணியில தள்ளிட்டாரான்னு கேக்குது. நான் என்னான்னு சொல்லட்டும்?"

முத்துக்குமாருக்குக்கூட நகைச்சுவை வரவில்லை.

தங்கமணி நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மழைத் தண்ணி செவுரு மாதிரி வராது. செவுரு மாதிரி வந்தா, அதைக் கட்டினவன் ஒருத்தன் இருக்கான். முத்து, வண்டியை எடு."

*

தரைப்பாலத்தின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட அளவுக்கம்பம் நின்றது. சேறு காய்ந்திருந்தது. பாலத்துக்கு அடியில் குழாய்கள் வழியே முழங்காலளவு தண்ணீர் அமைதியாக ஓடியது. கரையில் ஒரு டீக்கடை.

கடைச் சுவரில் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. முத்துக்குமார் சத்தமாகப் படித்தான்.

"சிப்காட் தொழிலாளர் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி. இடம், ஆற்றுக்குள். ஆகா. விதி ஏழு. ஆட்டங்கள் ஞாயிறு மட்டும். முடியாத ஆட்டம் அடுத்த ஞாயிறு நடக்கும். திங்கள் தண்ணி வரும்."

தங்கமணி நின்றுவிட்டாள். "கடைசி வரியைத் திரும்பப் படி."

"திங்கள் தண்ணி வரும்."

"மழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா முத்து?"

"தெரியாது மேடம்."

"ஆத்துக்கு?"

"அதுக்கு வாரத்துல ஏழு நாளும் ட்யூட்டி. ஆனா இந்த ஆறு ஐ.டி. கம்பெனியில சேந்துட்டாப்ல இருக்கு. சனி ஞாயிறு லீவு."

கடைக்காரம்மா சிரித்தாள். பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். கணவன் வார்ப்படப் பட்டறையில் வேலை. முத்துக்குமாரின் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"எந்த ஊரு தம்பி?"

"கோவில்பட்டி யக்கா."

"அதான பாத்தேன். வாயைப் பாத்தாலே தெரியுதே. டீ குடிங்க."

"யக்கா, இந்த ஆடி ஆவணியில ஆத்துக்குள்ள எப்படி கிரிக்கெட்டு?"

"வெள்ளிக்கெழம பொழுதடைய வத்த ஆரம்பிக்கும். சனி, ஞாயிறு காஞ்சு கெடக்கும். திங்கக்கெழம ஒம்பதரைக்குத் தண்ணி வரும். ஒரு வருசமா இப்படித்தான். ஊருக்காரவுக எட்டரைக்கெல்லாம் ஆடுமாட்டைக் கரையேத்திருவாவ."

"இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள் தங்கமணி.

"நாய்க்குக்கூடத் தெரியும். அந்தக் கம்பத்தைப் பாத்து எழுதுறாருல்லா, தீர்த்தகிரி சாரு? அவருக்கு மட்டும் தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா வந்து கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பாரு. டீ குடிப்பாரு. போயிருவாரு."

"மீதி தொண்ணூறு அளவும் வீட்ல இருந்தே எடுக்கறாரு," என்றான் முத்துக்குமார். "பார்வை நல்ல பார்வை."

"பெரிய தப்பு செய்யறவனைக்கூட மன்னிச்சிடலாம்," என்றாள் தங்கமணி. "ஒரு கம்பத்தைப் பாக்கறதுதான் வேலை. அதையும் பாக்கலை." பிறகு பேச்சியம்மாளிடம் திரும்பினாள். "போன ஞாயிறு ஆட்டம் நடந்துதா?"

"ஏன் நடக்காம? ஃபைனலு."

கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட நோட்டு வந்தது. ரன் கணக்கு நோட்டு. இரண்டு அணிக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. பேச்சியம்மாளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அதனால் நோட்டு அவளிடம் இருந்தது.

முத்துக்குமார் புரட்டினான். "தேதி, நேரம், ஓவர், யார் யாரைத் திட்டினான், எல்லாம் இருக்கு. சர்க்கார் ரிஜிஸ்டரை விட ஒழுங்கு."

"சண்டை வரும்லா. எழுதி வச்சாத்தான் அடங்குவானுவ."

பதினேழாம் தேதிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: *6.05. பத்தொன்பதாவது ஓவர். சிக்ஸ். பந்து பாலத்துக் குழாய்க்குள். ஃபீல்டர் படுத்து உள்ளே போய் எடுத்தான். 5 நிமிடம் வீண்.*

தங்கமணி பதிவேட்டின் நகலை எடுத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் மாலை ஆறுக்குப் பாலத்தின்மேல் அறுபது சென்டிமீட்டர் தண்ணீர். இன்னொன்றில் அதே மாலை ஆறுக்குப் பாலத்தின் அடியில் ஓர் ஆள் படுத்திருக்கிறான்.

"வெள்ளத்துக்கடியில படுத்துப் பந்து எடுத்திருக்கான்," என்றான் முத்துக்குமார். "இவனை ஒலிம்பிக்குக்கு அனுப்பணும். பெய்ஜிங்ல இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. கேஸ் முடிஞ்சுது மேடம்."

"முடியலை. கோர்ட்ல ஒரு பக்கம் சர்க்கார் முத்திரை, இன்னொரு பக்கம் டீக்கடை நோட்டு. எதை நம்புவாங்க?"

"சர்க்கார் முத்திரையை."

"பொய்க்கு முத்திரை குத்தினா அது பதிவேடு. உண்மைக்கு டீக் கறை பட்டா அது குப்பை." தங்கமணி நோட்டை மூடினாள். "இன்னொண்ணும் இருக்கு. திங்கள் தண்ணி ஒம்பதரைக்குத்தான் வரும். ஆனந்துக்கும் அது தெரியும். அதனாலதான் அஞ்சரைக்குத் தைரியமா இறங்கினான். அன்னைக்கு மட்டும் நாலு மணி நேரம் முன்னால வந்திருக்கு. ஏன்?"

பேச்சியம்மாள் தலையாட்டினாள். "அதான எங்களுக்கும் தெரியல. அணைக்குக் கீழ ஆத்தளக்க இரும்புப் பொட்டி வச்சிருக்குல்லா, அந்தப் பிள்ளைய வேணா கேளுங்க. என்னைக்கு வத்துது, எத்தனை மணிக்கு வருதுன்னு கரையெல்லாம் கேட்டுட்டுத் திரிஞ்சுது. தளி ரோட்டுல குடியிருக்கு. வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க ரெண்டு டீ ஆகும்."

*

மூன்று டீ ஆயிற்று.

அனிதாவுக்கு இருபத்திரண்டு வயது. எம்.ஃபில். மாணவி. வாடகை அறை முழுவதும் வரைபடத் தாள்கள். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினாள். அணை கட்டியபின் ஆற்றின் இயல்பான ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"புரியற மாதிரி சொல்லும்மா," என்றாள் தங்கமணி.

அனிதா பென்சிலால் இரண்டு கோடு வரைந்தாள். முதல் கோடு வேகமாக மேலே ஏறி, பிறகு நீண்ட சரிவாக மெதுவாக இறங்கியது. "இது மழை வெள்ளம். மண்ணுக்குள்ள போன தண்ணி மெதுவா வெளிய வரும். அதனால சீக்கிரம் வத்தாது." இரண்டாவது கோடு செங்குத்தாக ஏறி, சமதளமாக ஓடி, செங்குத்தாக விழுந்தது. "இது அணையில திறந்து மூடினது."

"முதல்ல இருக்கறது காய்ச்சல்," என்றான் முத்துக்குமார். "ரெண்டாவது மேசை."

அனிதா லேசாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

"சனி ஞாயிறு ஏன் மூடறாங்க?"

"அணைக்குள்ள படகு விடறாங்க மேடம். கரையில ரிசார்ட் வந்திருக்கு. பெங்களூர்ல இருந்து ஆளுங்க வருவாங்க. தண்ணி இறங்கினா படகுத்துறை சேத்துல நிக்கும். அதனால வெள்ளிக்கிழமை ஆத்து மதகை மூடிடறாங்க. கீழ இருக்கற ஏரிக்கு ஆத்துல தினம் தண்ணி விடணும்னு உத்தரவு. ரெண்டு நாள் பாக்கியைத் திங்கக்கிழமை சேத்து விட்டுடறாங்க."

"சங்கு ஊதறதில்லையா? மதகு திறக்கறதுக்கு முன்னால அணையில சங்கு ஊதணுமே."

"மூடினதே கணக்குல இல்லையே மேடம். அப்புறம் எப்படித் திறக்கறதுக்கு ஊத முடியும்?"

தங்கமணி முதல் முறையாக அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தாள். "வாயைத் திறந்தா நல்லாப் பேசறே. இதெல்லாம் அளந்து வச்சிருக்கியா?"

அனிதாவின் குரல் இறங்கியது. "போன திங்கள்தான் முதல் தடவை அளந்தேன். அணைக்கு நேர் கீழ, நூறு மீட்டர்ல. ஒரு மிதவை, ஒரு பேனா, கடிகாரத்தோட சுத்தற உருளை. மட்டம் ஏறினா பேனா ஏறும். விடிகாலை ஆறுக்குப் போய் வச்சேன். ஒம்பதுக்குத் தண்ணி வரும், அந்தச் செங்குத்துக் கோடு கிடைக்கும்னு நினைச்சேன். ஆனா நான் போறப்பவே ஆறு ஓடிக்கிட்டிருந்துது. மதியம் வரைக்கும் கூட நின்னு பாத்தேன். கோடு நேரா போச்சு." நோட்டைத் திறந்து காட்டினாள். *18.8.08. சீரான ஓட்டம். அணையின் பாதிப்பு எதுவும் தென்படவில்லை.* "மறுநாள் பேப்பர்லதான் தரைப்பாலத்துல நடந்ததைப் படிச்சேன். கர்நாடகா மழைன்னு போட்டிருந்தாங்க. அப்ப நான் நினைச்சதுதான் தப்புன்னு தோணுச்சு."

"நீ அங்க வரப்போறேன்னு யாருக்குத் தெரியும்?"

"அணை ஆபீஸுக்கு லெட்டர் குடுத்தேன். அனுமதி இல்லாம போகக்கூடாது இல்லையா? பதினாலாந்தேதி, வியாழக்கிழமை. கிளார்க் வாங்கி உள்ள வச்சாரு."

"நேரம் எழுதினியா?"

"எழுதினேன். காலை ஆறு மணின்னு."

தங்கமணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். "முத்து, வண்டி."

"நானும் வரலாமா?" என்று கேட்டாள் அனிதா. "கருவி இன்னும் அங்கதான் இருக்கு. ஒரு வாரத்துத் தாள் மாட்டியிருக்கேன்."

*

அணையின் மேல் காற்று பலமாக அடித்தது. நீர்ப்பரப்பின் மறுகரையில் மஞ்சள் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மணி நாலே முக்கால். வெள்ளிக்கிழமை.

மதகு இயக்குபவரின் அறை தகரக்கூரை போட்டது. உள்ளே அண்ணாதுரை பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. தர்மபுரிக்காரர். சுவரில் சங்குக்கான சுவிட்சுப் பெட்டி. அதன்மேல் தூசி.

தங்கமணி சுற்றி வளைக்கவில்லை. "திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு மதகைத் திறந்தது நீங்கதானே?"

"நீங்க யாரு?"

"ஆனந்துன்னு ஒரு பையன் உள்ள இருக்கான். அவன் பொண்டாட்டி அனுப்பின ஆளு."

அண்ணாதுரை பீடியை அணைத்தார்.

"சரி. நான் சொல்றேன். நாளைக்கே இந்த விஷயம் வெளிய வந்தா உங்க ஆபீஸ் என்ன சொல்லும்? ஆபரேட்டர் குடிச்சிட்டுத் தானாத் திறந்துட்டான்னு சொல்லும்."

"தானாவா?" அவர் சிரித்தார். சந்தோஷமில்லாத சிரிப்பு. "இருவத்தொம்பது வருச சர்வீசும்மா. வாய் வார்த்தைக்குச் சக்கரம் சுத்தறவன் நான் இல்ல. திங்கக்கெழம ஒம்பது மணின்னா, அதுக்குப் பழக்கம் இருக்குது. விடியக்கால அஞ்சு மணிக்குத் தொறன்னு போன்ல சொன்னாரு எஞ்சினியரு. எழுத்துல குடுங்க சார்ன்னுட்டேன்."

"குடுத்தாரா?"

"குடுக்காம?"

அவர் எழுந்து சங்கு சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, கம்பிகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் மடித்த தாள் இருந்தது. அந்த அறையில் யாரும் தொடாத இடம் அது ஒன்றுதான்.

"நாலு நாளா போலீசு வந்துது, தாசில்தார் வந்தாரு. எல்லாரும் புக்கு எங்கன்னு கேட்டாங்க. என்னெ ஒருத்தரும் கேக்கல."

"கேக்காததால சொல்லலையா?"

"ரெண்டு வருசத்துல ரிட்டயர்டும்மா."

"ஆனந்துக்கு இருபத்தாறு வயசு," என்றாள் தங்கமணி. "அவனுக்கு ரிட்டயர்டு ஆக முப்பத்திரண்டு வருஷம் இருக்கு. உள்ளேயே ஆகட்டும்னு விட்டுட்டீங்க. நல்ல மனசு."

அண்ணாதுரை தலையைக் குனிந்துகொண்டு தாளை நீட்டினார்.

நீலப் பேனாவில் எழுதிய ஒரு பக்கக் கடிதம். மேலே அலுவலக முத்திரை, வரவு எண், தேதி. இடது ஓரத்தில், குறுக்கே, பச்சை மையில் ஐந்து வரி. முத்துக்குமார் படித்தான்.

"பதினாலு எட்டு சைபர் எட்டு. பார்த்தேன். மேற்படி மாணவி வரும்போது ஆறு இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பதினெட்டாம் தேதி மட்டும் ஒன்பது மணிக்குப் பதில் ஐந்து மணிக்கே மூன்றடி திறக்கவும். சங்கு வேண்டாம். கையெழுத்து." அவன் நிமிர்ந்தான். "மேடம், குற்றத்துக்குக்கூட இன்வர்டு நம்பர் போட்டிருக்கான்."

"அவனுக்கு இது குற்றமாவே தோணியிருக்காது," என்றாள் தங்கமணி. "மந்திரி வர்றதுக்கு முன்னாடி ரோட்டோரம் ப்ளீச்சிங் பவுடர் போடுவாங்களே, அது மாதிரி. யாரோ பாக்க வர்றாங்க, ஆத்தைக் கொஞ்சம் கழுவி வை. அவ்வளவுதான். சுதந்திர தினம் சேந்து மூணு நாள் லீவு. எப்பவும் ரெண்டடி திறக்கறதை அன்னைக்கு மூணடி. அஞ்சு மணிக்கு இங்க கிளம்பின தண்ணி அஞ்சரைக்குத் தரைப்பாலம். அதுக்கப்புறம்தான் தீர்த்தகிரிக்கு வேலை வந்துது. உக்காந்து ஒரு மழை வெள்ளத்தை எழுதினாரு."

"யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் அண்ணாதுரை. அனிதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"லெட்டர்ல கீழ கையெழுத்து போட்டிருக்கே. அந்தப் பொண்ணு."

அனிதா தாளை வாங்கிப் படித்தாள். தன் கையெழுத்தை முதலில். பச்சை மையைப் பிறகு. மறுபடியும் தன் கையெழுத்தை.

"நேரத்தை எழுதாம இருந்திருந்தா," என்றாள். "இல்ல, சொல்லாமலே வந்திருந்தா. ஒம்பது மணிக்குத்தானே திறந்திருப்பாங்க?"

முத்துக்குமார் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். தங்கமணி கையமர்த்தினாள்.

"ஆமா. அந்தப் பொம்பளை உயிரோட இருந்திருப்பா. நீ எழுதினதும் தப்பில்லை. ரெண்டும் உண்மை. ரெண்டையும் திங்கக்கிழமை கோர்ட்ல சொல்லணும். இது உன் லெட்டர்னு நீ வந்து சொன்னாத்தான் இந்தத் தாளுக்கு மதிப்பு."

"எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது மேடம்."

"தெரியுது."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"கிரிக்கெட் ஃபைனலை விடக் குறைச்சல்தான்," என்றான் முத்துக்குமார். "அதுலயும் பாதிப் பேர் தூங்குவாங்க."

அவள் சிரிக்கவில்லை. "வர்றேன்," என்றாள்.

அண்ணாதுரை தொண்டையைச் செருமினார். "தாளைக் குடுத்துட்டா எனக்கு அத்தாட்சி?"

தங்கமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பெண் செத்திருந்தாள். ஒருவன் சிறையில் இருந்தான். இந்த மனிதருக்கு ரசீது வேண்டும். ஆனால் அந்தப் புத்தியால்தான் அந்தத் தாள் இன்னும் உயிரோடு இருந்தது. "எழுதிக் குடு முத்து," என்றாள். முத்துக்குமார் எழுதினான். அனிதா 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டாள். அண்ணாதுரை அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது கீழே ஜீப் சத்தம் கேட்டது.

"எஞ்சினியரு," என்றார் அண்ணாதுரை. "வெள்ளிக்கெழம இல்லயா? மூடச் சொல்ல வருவாரு."

தங்கமணி கடிதத்தைக் கைப்பைக்குள் போட்டாள். "அனிதா, உன் லெட்டரோட கடைசி வரி என்ன?"

"கருவி ஒரு வாரத்துக்கு அதே இடத்தில் இருக்கும்னு எழுதியிருந்தேன்."

"அவன் ரெண்டு வரிக்கு மேல படிக்கறவன் இல்லை. கருவி இன்னும் ஓடறது அவனுக்குத் தெரியாது. கீழ போ. உன் கருவி பக்கத்துல நில்லு."

அனிதா கையில் நோட்டோடு படிக்கட்டில் இறங்கிப் போனாள். எதிரே வந்த பொறியாளர் அன்புமணி அவளுக்கு வழிகூட விடவில்லை. அவர் அவளைப் பார்த்ததே இல்லை. அவளுடைய கடிதத்தைத்தான் பார்த்திருந்தார்.

சலவைச் சட்டை. பையில் இரண்டு பேனா. காதில் செல்போன். "ஆயித்து சார், ஆயித்து. ஈகலே க்ளோஸ் மாடிஸ்தீனி," என்று கன்னடத்தில் யாருக்கோ இப்போதே மூடிவிடுவதாக உறுதி சொல்லிக்கொண்டே அறைக்குள் வந்தார். அந்நியர்களைக் கண்டதும் போனை அணைத்தார்.

"யார் இவங்க?"

"பெங்களூர் சார்," என்றான் முத்துக்குமார். "படகு பாக்க வந்தோம். நாளைக்குத் தண்ணி ஃபுல்லா இருக்குமான்னு கேக்கலாம்னு."

பொறியாளரின் முகம் மாறிவிட்டது. "கண்டிப்பா இருக்கும். நீங்க பயப்படவே வேண்டாம். அந்தப் பக்கம் ஃபேமிலியோட ரொம்ப நல்லா இருக்கும்." அண்ணாதுரையிடம் திரும்பியபோது அந்தக் குரல் இல்லை. "யோவ், என்ன நிக்கறே? மதகை எறக்கு."

அண்ணாதுரை அசையவில்லை. சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எழுத்துல குடுங்க சார்."

"என்னய்யா இது? வாராவாரம் நடக்கறதுதானே?"

"போன தடவைக்கப்பறம் எனக்கு பயமா இருக்குது சார். எழுத்துல குடுத்துடுங்க."

அன்புமணி பெங்களூர் விருந்தாளிகளைப் பார்த்தார். அவர்கள் முன்னால் ஒரு கடைநிலை ஊழியனோடு வாதாட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மேசைமேல் கிடந்த தாளை இழுத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

பச்சை மை.

"நேரமும் போட்டுடுங்க சார்," என்றாள் தங்கமணி. "போடலைன்னா அப்புறம் குழப்பம் வரும்."

அவர் நேரமும் போட்டார். மாலை 5.25. முழுக் கையெழுத்து. தேதி.

அண்ணாதுரை படித்துப் பார்த்தார். மடித்துத் தங்கமணியின் கையில் கொடுத்தார். பிறகு சுவிட்சுப் பெட்டியின் தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டுச் சங்கின் விசையை அழுத்தினார். ஒரு வருடமாக ஊதாத சங்கு. முதலில் இருமியது. பிறகு அணை, படகுத்துறை, கரைக் கிராமங்கள் எல்லாம் கேட்கும்படி அலறியது.

"யோவ்! மூடறதுக்கு எதுக்குய்யா சங்கு?" என்று கத்தினார் அன்புமணி. "அந்தத் தாளை ஏன் அவங்க கையில குடுத்தே?"

அண்ணாதுரை சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார்.

நூறு மீட்டர் கீழே, பாறைகளுக்கு நடுவே, அனிதா இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். உருளையில் ஐந்து நாள் கோடு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனா இறங்கியது. சரிவாக இல்லை. ஒரு சுவரின் ஓரத்தில் இறங்குவதுபோல, நேராக.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தாளின் ஓரத்தில் 5.31 என்று எழுதினாள். பிறகு நோட்டைத் திறந்து, பதினெட்டாம் தேதியில் இருந்த 'சீரான ஓட்டம்' என்ற வரியை அடித்தாள். அதற்குக் கீழே, தான் அங்கே இல்லாத அந்த ஒரு மணி நேரத்தின் இடத்தில், எழுதினாள்.

*5.00. திறந்தார்கள். 5.30. ருக்மணி.*